கண்ணாயி மூடிய வாய்க்கால்

கண்ணாயியை அறிவாளி என்று நெல்லிச்சேட்டில் யாரும் சொன்னதில்லை. பிடிவாதக்காரி என்று சொன்னார்கள், அதுவும் பாதி நாள் அவள் காதுபடவே. அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. பாத்திரம் கழுவின தண்ணீர் வாசலில் ஒரு கையளவு குழியில் நின்றால்கூட, கால் பெருவிரலால் ஒரு கோடு இழுத்து அதை அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள். கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்திலேயே வாசல் முழுக்க இப்படிக் கோடுகள் விழுந்துவிட்டன. அவள் கணவன் சித்தன் அதைப் பார்த்து, "நாலு கோழி வாங்கி உட்டிருந்தாக்கூட இத்தனை கிளறியிருக்காது" என்றான்.

நெல்லிச்சேடு சேர்வராயன் மலையின் வடக்கு விளிம்பில் இருந்தது. பத்தொன்பது வீடுகள். நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். தெற்கே பார்த்தால் காப்பி எஸ்டேட்டுகள் தெரியும். வடக்கே பார்த்தால் காடு சரிந்து இறங்கி, கீழே சமவெளியில் ரயில் போவது ஒரு மரவட்டை ஊர்வதுபோலத் தெரியும். சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, இந்தப் பக்கத்தில் எல்லை மலைமுகட்டின் மேலேயே போகும் என்று முடிவானது. மழைத் தண்ணீர் தெற்கே ஓடினால் சேலம், வடக்கே ஓடினால் தருமபுரி. முகடு கத்திமுனை மாதிரி இருக்கிற இடங்களில் இதில் சிக்கல் ஏதும் இல்லை. நெல்லிச்சேட்டில் முகடு களத்துமேட்டைப்போலத் தட்டையாக இருந்தது.

அதனால் ஊர் எந்த மாவட்டம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு தேர்தலில் தெற்கே நடந்துபோய் ஓட்டுப் போட்டார்கள், அடுத்த தேர்தலில் வடக்கே இறங்கினார்கள். ஒரு வருஷம் அம்மை குத்துகிறவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறிவந்து ஒரே பிள்ளைகளுக்கு இரண்டு கையிலும் குத்திவிட்டுப் போனார்கள். யாருமே வராத வருஷங்கள் அதைவிட அதிகம். ஊரார் இதைப் பெரிய குறையாக நினைக்கவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்பது ஒருவனுக்குத் தெரியும். அதை இன்னொருவன் காகிதத்தில் தெரிந்துகொள்வது வேறு காரியம். இரண்டாவது இல்லாமலும் பல காலம் ராகி விளையும், பிள்ளைகள் பிறக்கும்.

ஆனால் கண்ணாயிக்கு அந்தக் காகிதம் தேவைப்பட்டது. காரணம், அவளுடைய காப்பித் தோட்டம்.

அவள் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பழம் பறிக்கப் போய்வந்தாள். உதிர்ந்த பழங்கள் செடிகளுக்கு அடியில் தாமாக முளைத்துக் கிடக்கும். களை எடுக்கிறபோது அவற்றையும் பிடுங்கி எறிவார்கள். 1971-ஆம் ஆண்டு, எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் கேட்டுக்கொண்டு, எறிகிற நாற்றுகளில் நல்லதாகப் பார்த்துச் சனிக்கிழமைதோறும் ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்று. முகட்டின்மேல் இருந்த தட்டை நிலத்தில் அவற்றை நட்டாள். மழை பெய்தால் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதால் அதுவரை அதை யாரும் சீண்டியதில்லை.

காப்பிச் செடிக்கு மழை வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. இரண்டாம் வருஷம் இலைகள் வெளுத்தன. தட்டையின் தெற்கு ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழைய மேடு நீளமாகப் போயிற்று. அது புல் மூடிக் கிடந்தது, ஊரார் அதன்மேல்தான் நடப்பார்கள். தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது அந்த மேடு என்று கண்ணாயி கண்டாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மேட்டைக் குறுக்கே வெட்டி, இடையில் வந்த கற்களைப் பெயர்த்துப் போட்டு, ஒரு வாய்க்கால் போட்டாள். நடக்கிறவர்களுக்கு அதன்மேல் ஒரு பலகையையும் போட்டாள். அடுத்த மழையில் தட்டையில் தண்ணீர் நிற்கவில்லை. எல்லாம் தெற்கே இறங்கி, சித்தனின் அக்காள் வெள்ளையம்மாளின் அவரைக் காட்டுக்குள் போயிற்று.

வெள்ளையம்மாள் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டாள். "என் காடு என்ன உன் ஊட்டுச் சலதாரையா?" அந்த வருஷம் அவரை பந்தலை அமுக்குகிற மாதிரி காய்த்தது. அதற்குப் பிறகு சண்டை நின்றது. காய்த்ததற்குக் காரணம் வாய்க்கால் என்று அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

செடிகள் தேறி வளர்ந்தன. ஆனால் வருஷத்துக்கு நாலு தடவை வடக்குப் பக்கமிருந்து மாதையன் ஏறிவருவான். அவன் காட்டிலாகா கார்டு. வடக்குச் சரிவு முழுக்க அரசாங்கக் காடு. தட்டையும் வடக்கைச் சேர்ந்ததானால் அதுவும் காடுதான். காட்டுக்குள் தோட்டம் இருக்க முடியாது; தெற்கைச் சேர்ந்ததானால் பட்டா வாங்கலாம். மாதையன் கெட்டவன் இல்லை. கண்ணாயி வீட்டில் உட்கார்ந்து இரண்டு உருண்டை களி தின்றுவிட்டுத்தான் பேச்சை எடுப்பான்.

"கண்ணாயி, கீரைக் குழம்பு நல்லாருக்குது. ஆனா உன்ற செடி எங்க காட்டுல நிக்குது."

"தெற்க நிக்குதுன்னு நாங்க சொல்றோமுங்கண்ணா."

"நீ சொல்லி ஆகறதில்ல. சர்வே ஆகோணும். வடக்குன்னு எழுதிட்டா நானே வந்து புடுங்கோணும். அன்னைக்கு மட்டும் எனக்குக் களி போடாத. தின்னுபோட்டுப் புடுங்க என்னால ஆகாது."

"அன்னைக்குந்தான் போடுவேன். தின்னுபோட்டு எப்படிப் புடுங்கறீங்கன்னு பாக்கோணுமுல்ல" என்பாள் கண்ணாயி.

ஏழு வருஷம் இப்படியே போயிற்று. 1978-இல் செடிகள் முதன்முறையாக நிறையக் காய் பிடித்திருந்தன. அந்த வைகாசியில் கிளைகளில் பச்சைக் காய்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அப்போதுதான் சர்வே வருகிறது என்ற செய்தி வந்தது.

அதற்குக் குறித்த நாள் பொருத்தமில்லாதது. அந்த வாரம் ஊரில் மாரியம்மன் நோன்பு. கடைசி நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். மாமன் மகனுக்கும் அத்தை மகளுக்கும் அன்றைக்குத் தப்பிக்க வழியில்லை. சர்வேயர் வருவதும் அதே வியாழக்கிழமை என்று தெரிந்ததும், ஊர்க்கவுண்டர் அங்கப்பன் விளையாட்டை மறுநாளைக்குத் தள்ளி வைத்தார். வீடுவீடாக இடித்து வைத்த மஞ்சள் அப்படியே சட்டிகளில் இருந்தது. இளவட்டங்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சித்தன் நாகலூருக்கு உப்பு வாங்கப் போய், டீக்கடையில் கேட்ட சேதியோடு மூச்சிரைக்க வந்தான்.

"ஏ புள்ள, எல்லையில மண்ணைத் தொட்டவங்க பேரெல்லாம் எழுதிட்டுப் போறாங்களாம். மேடு கட்டினவங்க, பள்ளம் வெட்டினவங்க ஒருத்தரையும் உடமாட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"டீக்கடையில சொன்னாங்க."

"டீக்கடையில யாரு?"

"எல்லாருந்தான் சொன்னாங்க."

கண்ணாயிக்கு முதலில் நினைவு வந்தது வாய்க்கால். அரசாங்க மேட்டை வெட்டியிருக்கிறாள். அரசாங்கத் தண்ணீரைத் திருப்பியிருக்கிறாள். அதைச் சாக்காக வைத்தே தோட்டத்தைப் பிடுங்குவார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் இருவரும் வாய்க்காலை மண்ணால் மூடி, மிதித்து, மேலே புல்லைப் பெயர்த்து வைத்து, பலகையையும் எடுத்துவிட்டார்கள். முன்பு மேடு எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிவிட்டதில் கண்ணாயிக்குத் திருப்தி. புதன்கிழமை மாலை நல்ல மழை. வியாழக்கிழமை காலை தட்டையில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகளும் அதில் கால் நனைத்து நின்றன.

சர்வேயர் குழந்தைவேல் ராசிபுரத்துக்காரர். மலையேறி வந்ததில் வேர்த்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, மட்டம் பார்க்கும் கருவியின் முக்காலியை நட்டார். கூட அளவுச் சங்கிலி பிடிக்க வந்தவர் ஏற்காட்டு லாசர். வடக்குப் பக்கமிருந்து மாதையனும் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மேட்டின்மேல் பத்தொன்பது வீட்டுச் சனமும் நின்றது.

"பள்ளம் வெட்டினவங்களை எல்லாம் எழுதிக்கறதுக்கு வந்தீங்களா சார்?" என்று சித்தன் துணிந்து கேட்டான்.

"அதெதுக்கப்பா எனக்கு? தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க வந்திருக்கறேன். இந்தத் தட்டைத் தண்ணி தெற்க எறங்குனா இது சேலம். வடக்க எறங்குனா காடு. அவ்வளவுதான் வேலை."

கண்ணாயி தன் கணவனைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான். ஆறு வருஷமாகத் தெற்கே ஓடிய தண்ணீரைத் தன் கையாலேயே மூடி நிறுத்திவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இனி வாயைத் திறந்தால் வெட்டியதும் வெளியே வரும், மூடியதும் வெளியே வரும். திறக்காவிட்டால் தோட்டம் போகும்.

குழந்தைவேல் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அது எந்தப் பக்கமும் நகர்வதாகத் தெரியவில்லை. தாடையைச் சொறிந்தபடி கேட்டார்:

"ஊர்ல மஞ்சள் கெடைக்குமா? கரைச்சு ஊத்துனா ஓட்டம் தெரிஞ்சுரும்."

மேட்டின்மேல் நின்ற சனத்தில் ஒரு அசைவு ஏற்பட்டது. அங்கப்பன் கவுண்டர் தொண்டையைக் கனைத்தார்.

"எத்தனை கொடம் வேணுமுங்க?"

"ஒரு பத்துக் கொடம்."

நாற்பது குடம் வந்தது. முதல் குடத்தை வெள்ளையம்மாள் தூக்கிவந்தாள். சர்வேயர் கை காட்டிய இடத்தில் பாதியை ஊற்றினாள். மீதியை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, உங்குளுக்கு இந்த மலையில சொந்தம் யாராச்சும் இருக்கறாங்களா?"

"இல்லீங்க. ஏனுங்க கேக்கறீங்க?"

"சொந்தம் இல்லாதவங்க எங்க எல்லாத்துக்கும் மாமன் மகனுங்க" என்று சொல்லி, மீதியை அவர் தலையில் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. லாசர் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடினார். நாலு பெண்கள் வளைத்துப் பிடித்தார்கள். "சாமி, நான் கோயிலுக்குப் போறவனில்ல, சர்ச்சுக்குப் போறவன்" என்று கத்தினார். "அங்கயும் தலையில தண்ணிதானுங்க ஊத்தறாங்க" என்று ஒருத்தி குடத்தைச் சாய்த்தாள். மாதையனின் தேய்த்த காக்கி மஞ்சளாகிவிட்டது. அவன் தானும் ஒரு குடத்தைப் பிடுங்கி அங்கப்பன் கவுண்டரைத் துரத்தினான். குழந்தைவேல் மட்டும் தன் நோட்டைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, தரையில ஊத்துங்கம்மா, தரையில" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

விளையாடாமல் நின்றவள் கண்ணாயி ஒருத்திதான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது குடத்தில் ஒரு ஏழெட்டுக் குடமாவது தரையில் விழுந்திருக்கும். அந்த மஞ்சள், நின்ற தண்ணீருக்குள் முதலில் மேகம்போலப் பரவியது. பிறகு ஒரு நூல் பிரிந்தது. நூல் செடிகளுக்கு ஊடே வளைந்து வளைந்து வடக்கே நகர்ந்தது.

சர்வேயரும் அதைப் பார்த்துவிட்டார். சிரிப்பை நிறுத்தி, நோட்டைத் திறந்தார். சத்தம் மெல்ல அடங்கியது. மஞ்சள் நூல் வடக்கு விளிம்பைத் தொட்டு, மாதையனின் காலடியில் ஒரு புல்லை நனைத்து, சொட்டுச் சொட்டாகக் காட்டுப் பக்கம் இறங்கியது. மாதையன் தன் காலைப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. காலை எடுத்துத் தள்ளி வைத்தான், தண்ணீர் வேறு பக்கம் போகும் என்பதைப்போல.

"வடக்கதான் போகுது" என்றார் குழந்தைவேல்.

இந்த இடத்தில் கண்ணாயி உண்மையைச் சொல்ல முடிவெடுத்தாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அவள் அப்படி எதையும் முடிவெடுக்கவில்லை. பக்கத்திலிருந்த செடியின் அடியில் குனிந்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு ராத்திரித் தண்ணீரில் மண் கூழாகியிருந்தது. இன்னும் ஒரு நாள் இப்படி நின்றால் வேர் அழுகத் தொடங்கும். தோட்டம் யாருடையது என்பது நோட்டில் இருக்கிற காரியம். வேரில் தண்ணீர் நிற்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிற காரியம். அவள் நேராக வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்தாள். மேட்டில் நின்றவர்களை "தள்ளுங்க" என்றாள். பச்சைப் புல்லுக்கு நடுவே, செவ்வாய்க்கிழமை தானே பெயர்த்து வைத்த புல்லில் முதல் வெட்டு விழுந்தது.

"ஏ புள்ள, என்ன பண்ற?" சித்தன் ஓடிவந்தான்.

"செடி அழுகுதுங்க மாமா."

"சர்வேயர் பாக்கறாரு."

"பாக்கட்டும். வேருக்குத் தெரியுமா சர்வேயரு இருக்கறாருன்னு?"

பத்து வெட்டுக்குள் இளமண் கரைந்து, தண்ணீர் தானே மீதியைத் தள்ளிக்கொண்டு போயிற்று. வடக்கே போய்க்கொண்டிருந்த மஞ்சள் நூல் நின்றது; பின்பு திரும்பியது. தட்டை முழுவதும் இருந்த மஞ்சள் தண்ணீர் ஒரே வீச்சில் வாய்க்காலுக்குள் புகுந்து, சத்தத்தோடு தெற்கே இறங்கியது. கீழே வெள்ளையம்மாளின் வீட்டு வாசலில் ராகி காய்ந்துகொண்டிருந்தது.

"என்ற ராகி" என்று ஒரு குரல் கேட்டது. மஞ்சளில் குளித்த வெள்ளையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் ஓடினாள். ஊர் மறுபடி சிரிக்கத் தொடங்கியது.

குழந்தைவேல் சிரிக்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதை வெட்டினது யாரும்மா?"

"நானுங்க. ஆறு வருஷத்துக்கு முந்தி."

"அப்ப மூடினது?"

"நாந்தானுங்க. முந்தாநேத்து."

"மூடாம உட்டிருந்தா நான் வந்தவொடனே தெற்குன்னு எழுதிட்டு இந்நேரம் பஸ்ஸுக்குப் போயிருப்பேனே."

"அது தெரியாதுங்களே. பள்ளம் வெட்டினவங்களைப் புடிக்க வர்றீங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"டீக்கடையில எல்லாரும்" என்றான் சித்தன்.

சர்வேயர் நெற்றியில் வழிந்த மஞ்சளைத் துடைத்தார். "ஆனா ஒரு ஆள் வெட்டின வாய்க்காலை வச்சு நான் எல்லை எழுத முடியாதும்மா. இப்படி எழுதுனா நாளைக்கு ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்துட்டு வருவாங்க. வெட்டறதுக்கு முந்தி தண்ணி வடக்கதான போயிருக்குது?"

"ஆமாங்க" என்றாள் கண்ணாயி. அதையும் மறைக்கவில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. வெட்டின மேட்டின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு லாசரைக் கூப்பிட்டுக் கடப்பாரை கேட்டார். புல்லுக்கு அடியில் ஒரு சாண் மண். அதற்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்றாகக் கையால் அடுக்கிய கற்கள். பத்தடி தள்ளி இன்னொரு இடத்தில் தோண்டினார்கள். அங்கேயும் கற்கள்.

"கவுண்டரே, இது எங்க இருந்து எங்க போகுது?"

"எஸ்டேட்டுல இருந்து பழைய பங்களா இடிஞ்சு கெடக்குற பாறை வரைக்குமுங்க. துரை குதிரையில போன தடமுன்னு எங்கப்பா சொல்லுவாரு."

கற்களுக்கு அடியில் இருந்த பழைய தரைக்கு மட்டம் பார்த்தார்கள். வடக்கு விளிம்புக்கும் பார்த்தார்கள். லாசர் அளவுகோலைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றார்; மலைக்காற்றில் ஈரச்சட்டை. கற்களுக்கு அடியில் இருந்த தரை வடக்கு விளிம்பைவிட முக்கால் அடி தாழ்வாக இருந்தது.

"துரையோட குதிரைக்குச் சேறு படாம இருக்க மேடு போட்டிருக்கறாங்க" என்றார் குழந்தைவேல். "தண்ணியை வடக்க திருப்பினது அந்த மேடு. அதுக்கு முந்தி இது தெற்கதான் ஓடியிருக்குது. இந்தம்மா புதுசா ஒண்ணும் பண்ணல. பழசைத் தொறந்து உட்டிருக்கறாங்க."

மாதையன் தன் ஈரச் சட்டையைப் பிழிந்தான். "அப்ப என்ன முடிவுங்க?"

"தெற்கு."

"நல்லா எழுதுங்க சார். பெருசா எழுதுங்க" என்றான் மாதையன். கண்ணாயி பக்கம் திரும்பி, "களி இருக்குதா?" என்று கேட்டான்.

எல்லைக்கல் வடக்கு விளிம்பில் நடப்பட்டது. குழந்தைவேல் ஊரை விட்டுப் போகும்போது அவர் சட்டை காய்ந்து வெயில் நிறமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாராம். பஸ்ஸில் எல்லோரும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து அவருக்கு இடம் கொடுத்தார்களாம். பட்டா வர மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் கண்ணாயி மூன்று பறிப்புப் பறித்துவிட்டாள். வெள்ளையம்மாள் தன் ராகியைத் திரும்ப அலசிக் காயவைத்தாள்; அந்த வருஷம் முழுக்க அவள் வீட்டுக் களி மட்டும் மஞ்சளாக இருந்தது. யார் கேட்டாலும் "இது நோன்புக் களி" என்று சொல்லிச் சமாளித்தாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு ரேஷன் அட்டை வந்தது, 1986-இல் ஒரு பள்ளிக்கூடம் வந்தது, ஜீப் போகிற அளவுக்கு ஒரு பாதையும் வந்தது. இவற்றுக்கெல்லாம் கண்ணாயிதான் காரணம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. அவள் வெட்டியது ஒரு வடிகால், பயந்து மூடினாள், செடிக்காகத் திறந்தாள். இதில் நடுவே இருந்ததைக் கழித்துப் பார்த்தால் மீதி இரண்டும் ஒரே குணந்தான்.

தொண்ணூறுகளிலும் நோன்பின் கடைசி நாளில் நெல்லிச்சேட்டில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். விளையாட்டு தொடங்குமுன் கண்ணாயி முதல் குடத்தைத் தட்டையின் நடுவில் ஊற்றுவாள். ஊர் முழுதும் மேட்டில் நின்று, மஞ்சள் செடிகளுக்கு ஊடே ஓடி வாய்க்காலுக்குள் இறங்குவதைப் பார்க்கும். இறங்கியதும் ஒரு சத்தம் எழும். அதற்குப் பிறகுதான் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றுவார்கள். ஒரு வருஷம், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் இதைப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சாமிக்குங்க?" என்று கேட்டார்.

"சாமிக்கு இல்லீங்க" என்றாள் கண்ணாயி. "மழைக்கு முந்தி வாய்க்கா அடைச்சிருக்குதான்னு பாத்துக்கோணுமுல்லங்க."

சொல்லிக்கொண்டே, டீச்சரின் காலடியில் தேங்கிய மஞ்சள் தண்ணீருக்குப் பெருவிரலால் ஒரு கோடு இழுத்துவிட்டாள்.